படிக்கிற வேலையிலிருந்து பதில் சொல்கிற வேலைக்கு

2012 ஜூன் மாதம், மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தது. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் அப்பா நடத்தும் மண்டியில் பெங்களூரா ரக மாங்காய் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. நான் எடைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. அமெரிக்க வழக்குகளின் ஆவணங்களைப் படிக்கும் வேலை, திங்கட்கிழமை சேரலாம், மாதம் 21,000 ரூபாய், இரவு ஷிப்ட் என்றார்கள். அதற்கு முன் இரண்டு வருடம் கிருஷ்ணகிரி கோர்ட்டில் ஜூனியராக இருந்தேன். சீனியர் மாதம் 3,000 கொடுப்பார். நல்ல மனிதர், தொழிலை மறைக்காமல் சொல்லிக்கொடுப்பவர். ஆனால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அந்தப் பணம் சரியாகப் போய்விடும். தங்கை அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் போனேன். அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை.

பன்னிரண்டு வருடம் அந்தத் தொழிலில் இருந்துவிட்டு 2024இல் வெளியே வந்தேன். இப்போது மறுபடியும் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் வக்கீல். தர்மபுரி அரசு சட்டக் கல்லூரியிலும் சேலத்திலும் படித்து முடித்த நம் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "அக்கா, இ-டிஸ்கவரி வேலைக்குப் போகலாமா? ஏஐ வந்துவிட்டதே, இன்னும் அந்த வேலை இருக்குமா?" போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். நம் கோர்ட்டில் பெரும்பாலும் அவரவர் தமக்குச் சாதகமான ஆவணத்தை அவரவர் தாக்கல் செய்கிறோம். அமெரிக்காவில் சிவில் வழக்கு என்றால், எதிர்த்தரப்பு கேட்கும்போது நமக்குப் பாதகமான காகிதத்தையும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். அதைத்தான் டிஸ்கவரி என்கிறார்கள். 2006 டிசம்பர் 1 முதல் அவர்களுடைய கூட்டாட்சி சிவில் நடைமுறை விதிகளில் மின்னணுத் தகவலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது, அதுதான் இ-டிஸ்கவரி. அதற்கு முன்பே இது எவ்வளவு கடுமையான விஷயம் என்று அங்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. லாரா ஜுபுலேக் என்ற பெண் தான் வேலை பார்த்த யூபிஎஸ் வார்பர்க் மேல் போட்ட வழக்கில், நியூயார்க் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் 2003இலும் 2004இலும் வரிசையாக உத்தரவுகள் போட்டார். வைத்திருக்க வேண்டிய மெயில்கள் அழிந்துபோனதால், அவை கம்பெனிக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று ஜூரி எடுத்துக்கொள்ளலாம் என்றார். 2005இல் ஜூரி 2.9 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. எங்கள் டிரெயினிங்கில் முதல் நாள் காலையிலேயே இந்த வழக்கைச் சொன்னார்கள்.

அதிலிருந்து ஒரு தொழிலே வளர்ந்தது. சம்பந்தப்பட்ட ஊழியர்களின் மெயில்பெட்டிகளைப் பத்திரமாக எடுக்க வேண்டும். அப்படி எடுக்கப்படும் ஆளைக் கஸ்டோடியன் என்போம். ஒரே மெயில் பத்து பேரிடம் இருந்தால் ஹாஷ் மதிப்பை, அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான குறியீட்டை, ஒப்பிட்டு ஒன்றை மட்டும் வைக்க வேண்டும், அது டீடூப். பிறகு தேடுசொற்களைப் போட்டு வடிகட்டுவார்கள். மிச்சமிருப்பதை வக்கீல்கள் படித்து, வழக்குக்குச் சம்பந்தமா இல்லையா, வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியமா என்று குறி போடுவார்கள். கொடுக்க வேண்டியதற்கெல்லாம் ஒவ்வொரு பக்கத்திலும் பேட்ஸ் நம்பர் என்ற வரிசை எண் அடித்து எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும், அது புரொடக்ஷன். இந்த வரிசையில் படிக்கிற இடத்தில்தான், அதாவது ரிவியூவில்தான், இந்தியச் சட்டப் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் உட்காரவைத்தார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்தேன்.

ரிவியூ அறைக்குள் போன் கிடையாது, பேப்பர் கிடையாது, பேனா கிடையாது. திரையில் இடது பக்கம் ஆவணம், வலது பக்கம் குறி போடும் கட்டங்கள். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து 180 பார்த்தேன். மூன்று மாதத்தில் மணிக்கு 50 வரை வந்துவிட்டேன். யாரோ ஊர் பெயர் தெரியாத மனிதர் மகளின் பிறந்தநாள் கேக்குக்கு ஆர்டர் கொடுக்கிற மெயிலும் வரும், அடுத்த மாதம் யார் யாரை வேலையை விட்டு அனுப்பலாம் என்ற பட்டியலும் வரும். முதல் வருடம் அந்தப் பட்டியல்கள் தூக்கத்தில்கூட வரும். யாரிடமும் சொல்லவும் கூடாது.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அந்த அறையில்தான் சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் படிக்கக் கற்றுக்கொண்டேன். வக்கீலின் பெயர் மெயிலில் இருந்தாலே அது ரகசியம் ஆகிவிடாது. சட்ட ஆலோசனை கேட்டிருக்கிறார்களா, கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வெளியாள் யாருக்காவது நகல் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவைக் கல்லூரியில் மனப்பாடம் செய்திருந்தேன். இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 132. அது என்ன சொல்கிறது என்று உண்மையில் புரிந்தது எலக்ட்ரானிக் சிட்டியில்தான்.

போக்குவரத்தைச் சொல்லாமல் விடக் கூடாது, ஏனென்றால் பலர் அங்கேதான் தோற்கிறார்கள். ஓசூரில் சித்தி வீட்டில் தங்கினேன். கம்பெனி வண்டி மாநில எல்லையைத் தாண்டி வராது, அத்திப்பள்ளியில்தான் ஏற வேண்டும், அங்கேதான் இறங்க வேண்டும். மாலை ஆறரைக்கு ஷிப்ட், விடியற்காலை மூன்றரைக்கு முடியும். எல்லையில் இறங்கி ஓசூருக்கு முதல் பஸ் பிடிக்கும்போது பூ வண்டிகள் எதிரே வரும். மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றினால் எங்கள் ஷிப்டும் மாறும், நவம்பர் முதல் ஞாயிறு மறுபடியும் மாறும். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் போய்வருகிறேன் என்று சேர்ந்த மூன்று பேரும் ஆறு மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள். தினமும் போய்வர சுமார் 150 கிலோமீட்டர் ஆகிறது. உடம்பு தாங்காது. போவதென்றால் ஓசூரிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ தங்கிப் போங்கள். தங்க முடியாவிட்டால் வேறு வேலை பாருங்கள். இதில் சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இனி, நான் தவறு செய்த இடம். வக்கீலாகப் பதிவு செய்துவிட்டு முழுநேரச் சம்பள வேலைக்குப் போகிறவர் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அந்த வேலையில் இருக்கும்வரை பிராக்டிஸை நிறுத்திவைக்க வேண்டும். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. நான் ஏழு மாதம் தெரிவிக்கவே இல்லை. மறந்துபோனேன் என்று சொல்ல மாட்டேன், பயம்தான் காரணம். ஒருமுறை நிறுத்திவிட்டால் திரும்பி வரவே முடியாதோ என்ற பயம். 2011 மார்ச்சில் முதன்முதலாக நடந்த அகில இந்திய பார் தேர்வை எழுதித் தேறியவள் நான், அதை வீணாக்குகிறோமோ என்று தோன்றியது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது சீனியரைப் போய்ப் பார்த்தேன்.

"என்னம்மா, பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தாயா?" என்றார்.

"இன்னும் இல்லை சார்."

"நாளைக்குத் திரும்பி வந்து வக்காலத்து போடும்போது எவனாவது இதைத் தோண்டி எடுத்தால் நீ என்ன பதில் சொல்லுவாய்? இன்றைக்கே எழுது."

அவருடைய மேசையில் உட்கார்ந்தே எழுதினேன். பதினொரு வருடம் கழித்து அந்த ஒரு பக்கக் கடிதம்தான் திரும்பி வருவதற்கு எனக்கு வழி விட்டது. இப்போது சேர நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ரிவியூ அறையில் உட்கார்ந்த வருடங்கள் அந்தக் கணக்கில் வராது. நீதிபதியாக வேண்டும் என்ற ஆசை மனதில் இருந்தால் அந்த மூன்று வருடத்தைக் கோர்ட்டில் முடித்துவிட்டு அப்புறம் போங்கள்.

இந்த வேலை சட்டப்படி செல்லுமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே பதில் கிடைத்துவிட்டது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களையும் அவற்றுக்காக இங்கே நடக்கும் வேலையையும் எதிர்த்து ஏ.கே. பாலாஜி என்ற வக்கீல் போட்ட வழக்கில் 2012இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லின. உள்ளபடியே வக்கீல் தொழிலாக இல்லாதவரை இந்த வகைச் சேவை வக்கீல்கள் சட்டத்துக்குள் வராது என்பது அதன் சாரம். ஆகவே வேலையில் தவறில்லை. வக்கீல் என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்வதுதான் தவறு.

சரி, வேலைக்கு வருகிறேன். நான் சேர்ந்த வருடமே, 2012 பிப்ரவரியில், நியூயார்க் நீதிபதி ஆண்ட்ரூ பெக் ஒரு வழக்கில் கணினியே ஆவணங்களைத் தரம் பிரிக்கும் முறையை ஏற்றுக்கொண்டார். டா சில்வா மூர் வழக்கு என்பார்கள். எங்கள் அறையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2016 வாக்கில் அதன் அர்த்தம் தெரிந்தது. நாங்கள் போடும் குறிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, சம்பந்தமுள்ளதாக இருக்கக்கூடியதை முன்னால் தள்ளிக்கொண்டே வரும் மென்பொருள் வந்துவிட்டது. பத்து லட்சம் ஆவணத்தில் இரண்டு லட்சம் பார்த்ததுமே இனிமேல் ஒன்றும் வரவில்லை, நிறுத்தலாம் என்பார்கள். அறுபது பேர் உட்கார்ந்த ஹாலில் இருபது பேர் ஆனோம்.

நிறுத்தலாம் என்று யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. ஒதுக்கிவைத்த எட்டு லட்சத்திலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு மாதிரியை எடுத்து மனிதர்கள் படிக்க வேண்டும். அதில் எத்தனை தப்பிப்போயிருக்கிறது என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை நீதிபதி கேட்டாலும் காட்ட வேண்டும். எனக்குக் கணக்கு பிடிக்கும், சின்ன வயதிலிருந்து மண்டியில் வளர்ந்தவள். 95 சதவீத நம்பிக்கை, இரண்டு சதவீதப் பிழை வரம்பு என்றால் சுமார் 2,400 ஆவணம் போதும், குவியல் இரண்டு லட்சமாக இருந்தாலும் இருபது லட்சமாக இருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று தெரிந்த அன்று நம்பவே முடியவில்லை. நானே தாளில் போட்டுப் பார்த்து நம்பினேன். மேலே இருந்த ஒரு அண்ணனிடம் போய், "அண்ணா, இந்த மாதிரி எடுக்கிற வேலையை எனக்குச் சொல்லிக்கொடுங்கள், சம்பளம் கூட்ட வேண்டாம்" என்றேன். திருச்சூர்க்காரர். ஷிப்ட் முடிந்த பிறகு தினமும் அரை மணி நேரம் எனக்காக இருந்தார்.

படிக்கிற வேலையிலிருந்து பதில் சொல்கிற வேலைக்கு நான் நகர்ந்தது அப்படித்தான். படிக்கிறவரிடம் எத்தனை படித்தாய் என்று கேட்பார்கள். பதில் சொல்கிறவரிடம் ஏன் இது போனது, ஏன் அது நின்றது, யார் முடிவு செய்தது என்று கேட்பார்கள். முதல் கேள்விக்கு வேகம் போதும். இரண்டாவது கேள்விக்கு நடந்ததையெல்லாம் நடந்த நேரத்திலேயே எழுதிவைத்திருக்க வேண்டும்.

எழுதிவைப்பதன் மதிப்பு எனக்கு ஒரு கெட்ட வாரத்தில்தான் முழுதாகத் தெரிந்தது. ஒரு பெரிய புரொடக்ஷன். ஊழியர்களின் வங்கிக் கணக்கு எண்களும், சில இடங்களில் வக்கீல் கொடுத்த ஆலோசனையும் கறுப்புப் பட்டை போட்டு மறைக்கப்பட்டிருந்தன. அனுப்பும் கட்டில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்கப் படங்கள் இருக்கும், கூடவே அதே ஆவணத்தின் எழுத்து தனி டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கும், இரண்டையும் இணைக்கும் லோடு ஃபைல் இருக்கும். எதிர்த்தரப்பு அந்த டெக்ஸ்டை வைத்துத்தான் தேடுவார்கள். நான் 400 படங்களைத் திறந்து பார்த்தேன். பட்டைகள் எல்லாம் சரியாக இருந்தன. அனுப்பியாயிற்று.

மூன்றாம் நாள் எங்களுக்கு நள்ளிரவு, அவர்களுக்கு மதியம். நியூயார்க் வக்கீல் கூப்பிட்டார். படத்தில் மறைத்த சொற்கள் டெக்ஸ்ட் ஃபைலில் அப்படியே இருந்தன. மறைத்த பிறகு அந்தப் படத்திலிருந்து புதிதாக எழுத்தை எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் பழைய, மூல டெக்ஸ்டே போயிருந்தது. என் கை சில்லிட்டது இன்றும் நினைவிருக்கிறது.

நல்லவேளையாக அந்த வழக்கில், தவறிப்போய் வெளியே போன ரகசியத்தால் உரிமை போய்விடாது என்று அவர்களுடைய சாட்சிய விதி 502இன் கீழ் கோர்ட் உத்தரவு முன்பே வாங்கியிருந்தார்கள். கடிதம் போனது, எதிர்த்தரப்பு அழித்துவிட்டதாக எழுதிக் கொடுத்தது, நாங்கள் இரண்டு இரவு தூங்காமல் மாற்றுக் கட்டு அனுப்பினோம். வழக்கு தப்பித்தது. அப்புறம்தான் எங்கள் கம்பெனிக்குள் விசாரணை ஆரம்பித்தது. முதல் அறிக்கையில் 'ரிவியூ குழுவின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்கள். பட்டை போட்ட இரண்டு பையன்கள் வேலையை இழப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவன் பென்னாகரத்துக்காரன், சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த அறையில் நோட்டு வைத்துக்கொள்ள முடியாது என்பதால், வழக்கின் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு எக்செல் தாளில் தினமும் எழுதிவந்தேன். எந்தத் தேடல் ஓட்டினேன், எத்தனை வந்தது, யாரிடம் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, மணி என்ன. புரொடக்ஷனுக்கு முந்தைய நாள் வரியில் இருந்தது: "டெக்ஸ்டை எதிலிருந்து எடுப்பது என்று கேட்டேன். 'போன தடவை மாதிரியே' என்று பதில்." போன தடவை அனுப்பிய கட்டில் மறைப்பே கிடையாது. அந்த ஒரு வரியை எடுத்து வைத்தேன். அறிக்கையை மாற்றினார்கள், பையன்களின் வேலை தப்பியது. அவர்களிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. கேள்வி கேட்டவள் நான்தான், ஆனால் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை என்பதும் அதே தாளில் தெரிந்தது. அதன் பிறகு எந்தக் கட்டு போனாலும் ஒவ்வொரு வகையிலும் இருபது ஃபைலை என் கண்ணால் திறந்து பார்க்காமல் அனுப்பியதில்லை. படம், டெக்ஸ்ட், மெயிலின் தலைப்பு வரி எல்லாவற்றையும் பார்ப்பேன். தலைப்பு வரியில்கூட ரகசியம் ஒளிந்திருக்கும்.

கொரோனா காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதவு பூட்டும் வசதியுள்ள தனி அறை இருந்தால் வீட்டிலிருந்து செய்யலாம் என்று சில கட்சிக்காரர்கள் அனுமதித்தார்கள். மண்டிக்கு மேலே மாடி அறையில் பூட்டுப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். கரண்ட் போகும்போதெல்லாம் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று எழுதிவைத்தேன்.

வேறு கம்பெனிக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பயோடேட்டாவில் கட்சிக்காரர் பெயர், வழக்குப் பெயர் போடாதீர்கள். நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தபோது அப்படிப் போட்டவர்களை அந்த நிமிடமே ஒதுக்கினேன். இன்றைக்கு அவர்களுடைய ரகசியத்தை என்னிடம் சொல்கிறவர் நாளைக்கு என் ரகசியத்தை வேறொருவரிடம் சொல்வார். போட்டிச் சட்ட வழக்கு, மருந்துக் கம்பெனி, ஆறு லட்சம் ஆவணம், இன்ன மென்பொருள், என் பொறுப்பு இன்னது என்று எழுதினால் தெரிந்தவர்களுக்குப் போதும். பழகிப் பார்க்கத் தரவு இல்லை என்று சொல்லவும் வேண்டியதில்லை. என்ரான் என்ற எரிசக்திக் கம்பெனி மீதான விசாரணையில் அமெரிக்க எரிசக்தி ஆணையம் 2003இல் வெளியிட்ட மெயில்கள், சுமார் 5 லட்சம், இன்றும் பொதுவில் கிடைக்கின்றன. அதை இறக்கி டீடூப் செய்து பாருங்கள், ஒரு மெயில் சங்கிலியைக் கோர்த்துப் பாருங்கள். ரெலட்டிவிட்டி என்ற ரிவியூ மென்பொருளின் நிர்வாகி சான்றிதழ் வாங்கியவர்களுக்குக் கதவு சீக்கிரம் திறக்கிறது என்பது உண்மை. ஆனால் நேர்காணலில் நான் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" தவறே செய்ததில்லை என்றவர்களை நான் எடுக்கவில்லை.

2023இல் ஏஐ நேரடியாகவே ஆவணத்தைப் படித்துக் குறி போட ஆரம்பித்தது. என் குழுவில் 42 பேர். முப்பது பெயரைக் கொடு என்றார்கள். முதல் வருடம் திரையில் நான் படித்துத் தூங்காமல் கிடந்த பட்டியல்களைப் போல ஒன்றை நானே தயாரிக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். 2019இலிருந்தே எல்லோரிடமும் கெஞ்சியிருக்கிறேன், லோடு ஃபைலைத் திறந்து பாருங்கள், தேடல் எழுதப் பழகுங்கள், மாதிரி எடுக்கும் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. ஒன்பது பேர் கற்றிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் வேலையில் நீடித்தார்கள். மணிக்கு எண்பது ஆவணம் பார்க்கும் ஒரு பெண், எங்கள் தளத்திலேயே வேகமானவள், நீடிக்கவில்லை. "அக்கா, நான் என்ன தப்பு செய்தேன்?" என்றாள். ஒரு தப்பும் செய்யவில்லை. வேகத்துக்குத்தான் முதலில் மெஷின் வரும் என்று அவளிடம் நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே போகலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. முதல் கட்டப் படிப்பு வேலையை நம்பி இன்று போகாதீர்கள். அதை ஆறு மாதம், ஒரு வருடம் பழகும் களமாக வைத்துக்கொண்டு, தரவைத் தயார் செய்வது, அனுப்புவது, சரிபார்ப்பது, மெஷின் சொன்னது சரிதானா என்று அளப்பது ஆகிய பக்கம் நகரும் எண்ணம் இருந்தால் போங்கள். மெஷின் எத்தனை வேகமாகப் படித்தாலும் கோர்ட்டின் முன் கையெழுத்துப் போடுவது மனிதர்தான். அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை உங்களுக்கு வேண்டும்.

நான் வெளியே வந்தது அந்தப் பட்டியலால் மட்டும் அல்ல. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் தூங்கப் போவேன். கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் பகல் ஷிப்ட். வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவது ஞாயிறு மட்டும்தான். பத்து மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்துவைத்தேன், வீட்டுக் கடனில் மிச்சத்தை அடைத்தேன், அப்புறம்தான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். விடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: திரும்பி வந்து முதல் வருடம் வருமானம் இருக்காது, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வாருங்கள். எனக்கு ஏழாம் மாதம்தான் சொந்தமாக ஒரு வழக்கு வந்தது.

வந்த நேரம் நல்ல நேரம். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம் அமலுக்கு வந்தது. மின்னணு ஆவணத்தோடு வைக்கும் பழைய 65பி சான்றிதழ் கட்டாயம் என்று 2014இல் அன்வர் வழக்கிலும், 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. மூலக் கருவியையே கோர்ட்டில் வைத்தால் மட்டும் தேவையில்லை. புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் அந்தச் சான்றிதழுக்குப் படிவமே வந்துவிட்டது. ஒரு பகுதியைக் கட்சிக்காரர் நிரப்ப வேண்டும், இன்னொன்றை நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும், எந்த முறையில் எடுத்தது என்று குறிக்க வேண்டும். கோர்ட் வளாகத்தில் இதைப் பார்த்துப் பலர் திகைத்து நின்றார்கள். எனக்கோ பன்னிரண்டு வருடமாகக் கையில் இருந்த பொருள். ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்து எடுக்கும் கைரேகை மாதிரி அது. பெயரை மாற்றினால் மாறாது, உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் முழுதும் மாறிவிடும். விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

கட்சிக்காரர்களிடம் இப்போது முதல் சந்திப்பிலேயே சொல்கிறேன். வீடியோவை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பாதீர்கள், அது அளவைச் சுருக்கிவிடும், அது வேறு ஃபைல். மெயிலை ஃபார்வர்ட் செய்யாதீர்கள், தலைப்புத் தகவல் போய்விடும், மெயிலையே ஃபைலாக இறக்கிக் கொண்டுவாருங்கள். கேமரா பதிவு இடம் நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும், இன்றைக்கே எடுங்கள். மூன்று லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ உள்ள வியாபார வழக்கு என்றால் வணிக நீதிமன்றச் சட்டம் வரும். அதில் மின்னணு ஆவணத்தை யார் எப்போது எப்படி உண்டாக்கினார், யார் கையில் இருந்தது என்றெல்லாம் உறுதிமொழியோடு சொல்ல வேண்டும். மாங்கூழ் ஆலைக்கும் மண்டிக்கும் நடுவில் வரும் தகராறுகள் பல இந்த வரம்புக்குள்தான் வருகின்றன.

போன சீசனில் அப்பாவுக்கே அப்படி ஒன்று வந்தது. ஒரு லோடில் இரண்டு டன் குறைகிறது என்று வாங்கியவர் பணத்தைப் பிடித்துவிட்டார். எடை மேடையின் எண் மண்டிக் கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. வழக்கை நான் நடத்தக் கூடாது என்று நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். பதிவை மட்டும் அன்று மாலையே புது பென் டிரைவில் எடுத்து, ஹாஷ் போட்டேன். 64 எழுத்து வந்தது.

அப்பாவின் கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அடுத்த வரியில் சரியாக எழுதுவார். அன்றைய தேதிப் பக்கத்தைத் திறந்து, லோடு கணக்குக்குக் கீழே அந்த 64 எழுத்தையும் நான்கு நான்காகப் பிரித்து எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பாப்பா, நீ முதலிலிருந்து மெதுவாகப் படி. நான் சரி பார்க்கிறேன்."

படித்தேன். பதினொன்றாவது கட்டத்தில் 6 இருக்க வேண்டிய இடத்தில் b எழுதியிருந்தார். ஒரு கோடு போட்டார், கையெழுத்துப் போட்டார், அடுத்த வரியில் அந்தக் கட்டத்தை மறுபடியும் எழுதினார்.